வயசுப் பிள்ளைகளிடம் இதை எப்படிப் பேசுவது? எல்லையோரப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று எல்லையை ஒட்டிய ஊர்களில் வீட்டுக்குள் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளமோ இங்கிலீஷோ, துணிமணிக்கும் சினிமாவுக்கும் பொள்ளாச்சி என்று வாழ்கிற குடும்பங்கள் நிறைய. (சித்தூர் என்றதும் ஆந்திராவுக்குப் போய்விடாதீர்கள், இது நம்ம சித்தூர்.) எனக்குப் பள்ளிக்கூடத்தில் கவுன்சலர் வேலை. பி.டி.ஏ. கூட்டத்தில் பருவ வயசு, உடம்பு மாற்றம், பாலியல் என்கிற இந்த விஷயத்தைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. கூட்டம் முடிந்து டீ கொடுக்கிற நேரத்தில் ஒருவர் மெல்ல ஒதுங்கி வந்து, "ஏனுங்க டீச்சர், ஒண்ணு கேக்கோணும்" என்பார். அப்படி வந்த கேள்விகள்தான் கீழே இருப்பவை. யார் கேட்டது என்று தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

எந்த வயசில் ஆரம்பிக்கிறது?

நீங்கள் மனதில் நினைத்திருக்கிற வயசுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே. பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயசுக்குள், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயசுக்குள் உடம்பு மாறத் தொடங்கிவிடும். நம் வீடுகளில் பெண் உட்கார்ந்த பிறகுதான் அத்தையோ பெரியம்மாவோ "இனிமேல் பசங்களோட சேர்ந்து ஆடக்கூடாது" என்று ஒரு வரி சொல்வார்கள், பாடம் அதோடு முடிந்தது. பள்ளிக்கூடக் கழிப்பறையில் முதல் தடவை ரத்தத்தைப் பார்த்துவிட்டு, எங்கேயோ அடிபட்டுவிட்டது என்று நடுங்கிக்கொண்டு வருகிற ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை இன்றைக்கும் பார்க்கிறேன். வீட்டில் போன் இருக்கிறது, வைஃபை இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு இது மட்டும் தெரியவில்லை. ஆகவே நான்காம் ஐந்தாம் வகுப்பிலேயே "உடம்பு இப்படி மாறும், அது எல்லாருக்கும் வரும்" என்கிற அளவுக்குச் சொல்லி வைத்துவிடுங்கள். மிச்சத்தைப் பிள்ளை கேட்கக் கேட்கச் சொல்லலாம்.

பெண்ணுக்கு 8 வயசுக்கு முன்னாடியே மார்பு வளர்ச்சி தெரிந்தாலோ, 15 ஆகியும் மாதவிடாய் வராவிட்டாலோ, பையனுக்கு 14 முடிந்தும் ஒரு மாற்றமும் இல்லாவிட்டாலோ டாக்டரிடம் காட்டணும். "எங்க வம்சமே லேட்டுதான்" என்பது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அதையும் டாக்டரே பார்த்துச் சொல்லட்டும்.

இதையெல்லாம் பேசினால் நாமே பிள்ளையைக் கெடுத்த மாதிரி ஆகாதா?

ஆகாது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் யுனெஸ்கோ 2018இல் பாலியல் கல்விக்கான வழிகாட்டியைத் திருத்தி வெளியிட்டது. சொல்லிக் கொடுப்பதால் பிள்ளைகள் சீக்கிரம் உடலுறவில் இறங்குவதில்லை, இன்னும் சொல்லப்போனால் தள்ளிப் போடுகிறார்கள் என்றுதான் அதில் இருக்கிறது. அதை விடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் பிள்ளை தெரிந்துகொள்ளாமலா இருக்கப் போகிறது? பஸ்ஸின் பின் சீட்டில் ஒருத்தன் போனை நீட்டுவான். அவன் காட்டுவதையே முதல் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, எப்படி ஆரம்பிக்கிறது? எதிரே உட்கார வைத்துப் பேசணுமா?

தயவுசெய்து வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு "உன்கிட்ட ஒரு முக்கியமான விஷயம் பேசணும்" என்று ஆரம்பித்தால், தான் என்ன தப்பு செய்து மாட்டிக்கொண்டோம் என்று யோசிப்பதிலேயே பிள்ளையின் கவனம் போய்விடும். முகத்துக்கு முகம் பார்க்காத நேரம்தான் நல்லது. வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகும்போது, வெங்காயம் உரிக்கும்போது, துணி மடிக்கும்போது. அஞ்சு நிமிஷம் போதும். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, காதில் விழுந்திருக்கும்.

செய்தியில் ஒரு போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்) வழக்கு வருகிறது என்று வையுங்கள். சேனலை மாற்றாமல், "அந்தப் புள்ள ஏன் அத்தனை நாள் வீட்ல சொல்லலைன்னு நீ நினைக்கிறே?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். "சொன்னா அவளைத்தானே திட்டுவாங்க" என்று பதில் வந்தால் வீட்டைப் பற்றிப் பிள்ளை என்ன நினைக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எல்லையோர வீடுகளுக்கு ஒரு வசதி உண்டு. பிள்ளையின் உயிரியல் புத்தகம் மலையாளத்தில் இருக்கும், அம்மாவுக்கு மலையாளம் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. "இந்தப் பாடத்துல என்ன போட்டிருக்கு, எனக்குப் படிச்சுச் சொல்லு கண்ணு" என்று கேளுங்கள். சொல்லிக் கொடுக்கிற இடத்தில் பிள்ளை, கேட்கிற இடத்தில் நீங்கள். வெட்கம் பாதி குறைந்துவிடும், அரைகுறையாகப் புரிந்துவைத்திருப்பதும் வெளியே வந்துவிடும்.

பெண் வயசுக்கு வந்துவிட்டாள். சீர் செய்யலாமா, இந்தக் காலத்தில் வேண்டாமா?

அது உங்கள் வீட்டு முடிவு. தாய்மாமன் சீரைக் கொண்டாடி மகிழ்ந்த பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளையைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். முக்கியமாக அந்த பிளெக்ஸ். மஞ்சள் நீராட்டு விழா என்று பெரிய எழுத்தில் போட்டு, பட்டுப்புடவையில் பிள்ளை படத்தோடு ஜங்ஷனில் கட்டிவிடுகிறீர்கள். ஸ்கூல் பஸ் தினமும் அந்த வழியாகத்தான் போகிறது. கூடப் படிக்கிற மலையாளி வீட்டுப் பசங்களுக்கு இந்த வழக்கம் பழக்கமில்லை, அது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு ஆறு மாசம் அதையே சொல்லிக் கிண்டல் பண்ணுகிறார்கள். விழா வைத்தாலும் பிளெக்ஸ் வேண்டாம் என்பது என் கட்சி.

சீரைவிட முக்கியமாகச் சொல்லித் தர வேண்டியவை இருக்கின்றன. முதல் ரெண்டு மூணு வருஷம் மாதவிடாய் கணக்காக வராது, 21 நாளிலும் வரலாம், 45 நாள் கழித்தும் வரலாம். ஏழு நாளைத் தாண்டியும் போய்க்கொண்டிருந்தால், மணிக்கு ஒரு பேட் நனைந்தால், வலியில் மாசா மாசம் பள்ளிக்கூடம் போக முடியாமல் படுத்துவிட்டால் டாக்டரைப் பார்க்கணும், "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று தள்ளிப் போடக் கூடாது. வெள்ளைப்படுதல் ஓரளவுக்கு எல்லோருக்கும் இருப்பதுதான். அரிப்பு, கெட்ட வாடை, நிறம் மாறுதல் இருந்தால்தான் மருந்து தேவை. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுங்கள், ரொம்ப நல்லது. கூடவே பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் தருகிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்குகிறாளா, இல்லை ஜன்னல் வழியாக எறிகிறாளா என்றும் கேளுங்கள். எறிகிறவர்கள்தான் அதிகம்.

பேடுக்குப் பதிலாக உள்ளே வைத்து மாதவிடாய் ரத்தத்தைப் பிடிக்கிற மென்ஸ்ட்ருவல் கப் பற்றியும் கேட்கிறார்கள். ஆலப்புழையில் 2019இலேயே நகராட்சி மூலம் இலவசமாகக் கொடுத்தார்கள். எர்ணாகுளம் மாவட்டத்து கும்பளங்கியை 2022இல் நாப்கின் இல்லாத ஊராகவே அறிவித்தார்கள். பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். கன்னித்தன்மை போய்விடும் என்று அம்மிச்சி சொன்னால், விளையாட்டிலும் சைக்கிள் ஓட்டுவதிலும்கூட விரியக்கூடிய ஒரு மெல்லிய சவ்வை வைத்து யாருடைய நடத்தையையும் சொல்ல முடியாது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். அம்மிச்சி ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனால் பேத்தி கேட்டுக்கொண்டிருப்பாள்.

பையனிடம் அப்பாதான் பேசணும். அவரோ வாயே திறப்பதில்லை. நான் பேசலாமா?

பேசலாம், பேசணும். பாதி வீடுகளில் அப்பா லாரியில் இருக்கிறார், இல்லாவிட்டால் திருப்பூரில் இருக்கிறார், வீட்டில் இருக்கிறவரோ "அதெல்லாம் தானா தெரியும்" என்று பேப்பரை விரித்துக்கொள்கிறார். பையன்களுக்கு யாரும் சீர் வைப்பதில்லை, யாரும் எதுவும் சொல்வதும் இல்லை. அதனால் அவன் பயம் எல்லாம் உள்ளேயே கிடக்கும்.

தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு. விடிகாலையில் போர்வையைத் தானே ஊற வைக்கிறான் என்றால் கண்டும் காணாமல் விடுங்கள், இன்னொரு நாள் பொதுவாக, "இந்த வயசுல ராத்திரி அப்படி ஆகும், எல்லாருக்கும் ஆகும், நோய் இல்லை" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சுய இன்பத்தால் ரத்தம் குறையாது, கண் குழி விழாது, பின்னால் குழந்தை பிறக்காமல் போகாது. இத்தனை சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்து என்று ஒரு கணக்கு தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது, அதற்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. படிப்பு, தூக்கம், விளையாட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதுவே வேலையாக இருந்தால்தான் யோசிக்கணும். இந்தப் பயத்தை நம்பியே ஒரு வியாபாரம் நடக்கிறது. மாசத்துக்கு ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டு உட்காருகிற வைத்தியர், நடுராத்திரி டிவியில் "இளமையில் செய்த தவறா" என்று கேட்கிறவர், இவர்களிடம் பையன் உங்களுக்குத் தெரியாமல் காசு கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் பேசிவிடுவது லாபம்.

சில பையன்களுக்கு 13, 14 வயசில் மார்பு கொஞ்சம் பருத்துத் தெரியும். சட்டைக்குள் இறுக்கமாக இன்னொரு பனியன் போட்டுக்கொள்வான், பி.டி. பீரியடுக்குப் போக மாட்டான். ஹார்மோன் மாற்றம்தான், பெரும்பாலும் ரெண்டு வருஷத்துக்குள் தானாக வடிந்துவிடும்.

இன்னொரு விஷயத்தை எல்லா அம்மாவும் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ளணும். திடீரென்று விதையில் கடுமையான வலி வந்தால் அது அவசரம். உள்ளே விதைக்குப் போகிற ரத்தக்குழாய் முறுக்கிக்கொண்டுவிடும். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம், நேரம் போகப் போக அது கருகி எடுக்க வேண்டியதாகிவிடும். 12 முதல் 18 வயசுக்குள் அதிகம் வரும். நடுராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற வலி, கூடவே வாந்தியும் இருக்கும். பையன் வெட்கப்பட்டுக்கொண்டு "வயிறு வலிக்குது" என்றுதான் சொல்வான். நீங்கள் ஓமத்தண்ணி கொடுப்பீர்கள், வாயுவாக இருக்கும் என்று விளக்கை அணைப்பீர்கள், விடிந்துவிடும். "எங்கே வலிக்குது சாமி, கீழேயா? கூச்சப்படாம சொல்லு" என்று கேட்கிற அம்மாவுக்கும் பதில் சொல்கிற பையனுக்கும் நடுவில் அந்தப் பழக்கம் முன்னாடியே வந்திருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்குப் புதுசாக வராது.

மனைவி இல்லை. பெண்ணை நான் தனியாக வளர்க்கிறேன். நான் எப்படி இதைப் பேசுவேன்?

பேட் வாங்கி அலமாரியில் வையுங்கள், கறுப்புக் கவரில் சுற்றாமல். தீர்ந்தால் எழுதி வைக்கச் சொல்லுங்கள், மளிகை லிஸ்டில் மற்ற சாமானோடு அதுவும் இருக்கட்டும். அதுவே பாதிப் பேச்சு. மீதிக்குச் சித்தி, ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி, பள்ளிக்கூடத்து டீச்சர் என்று ஒருத்தரைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

போனில் கண்ட படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். என்ன செய்ய?

அடிக்காதீர்கள். ஊரையும் கூட்டாதீர்கள். அன்றைக்கு ஒன்றும் பேசாமல், கோபம் ஆறிய பிறகு இவ்வளவு சொல்லுங்கள்: அது காசுக்காக எடுக்கிற படம், அதில் இருக்கிற மாதிரி உடம்பும் இருக்காது, யாரும் அப்படி நடந்துகொள்வதும் இல்லை, பெண் வேண்டாம் என்று சொல்வதை அதில் ஒருத்தனும் மதிப்பதில்லை. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். அப்புறம் சட்டம்: 18 வயசுக்குக் கீழே உள்ளவர்களின் ஆபாசப் படத்தைத் தேடுவது, வைத்திருப்பது, அனுப்புவது எல்லாமே குற்றம். கிளாஸ் குரூப்பில் யாரோ போட்டதை இன்னொரு குரூப்புக்குத் தள்ளிவிட்டாலும் மாட்டிக்கொள்வான். ராத்திரி போன் எல்லாம் ஹாலில் சார்ஜ் ஆகட்டும், உங்கள் போனும் சேர்த்து. அவனுடையது மட்டும் என்றால் நிற்காது.

பெண் ஒரு பையனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். போனைப் பிடுங்கிவிட்டோம், படிப்பை நிறுத்தி உடுமலைப்பேட்டையில் அம்மிச்சி வீட்டில் விடலாம் என்று இருக்கிறோம். சரிதானே?

சரியில்லை. எனக்கு வருகிற கேள்விகளில் ரொம்ப வருத்தப்பட வைப்பது இதுதான், ஏனென்றால் கேட்கிற நேரத்தில் பாதி முடிந்தே இருக்கும்.

பிள்ளைகள் என்னிடம் வந்து சொல்வதில் பெரும்பகுதி ஒன்றுதான்: "வீட்டுக்குத் தெரிஞ்சா என் படிப்பை நிறுத்திடுவாங்க." காதலைச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்றால் போகட்டும். அந்தப் பையன் அடித்தாலும் சொல்வதில்லை. போட்டோ கேட்டு மிரட்டினாலும் சொல்வதில்லை. நாள் தள்ளிப் போனாலும் சொல்வதில்லை, வயிறு தெரிகிற வரைக்கும் சொல்வதில்லை. சொன்னால் கிடைக்கப்போகிற தண்டனை அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ஒரு முறை போனைப் பிடுங்கி, படிப்பை நிறுத்தி, மாமன் முறைக்காரர்களைக் கூட்டி வைத்து விசாரித்தீர்கள் என்றால், அந்தப் பிள்ளை மட்டுமில்லை, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிற தங்கச்சியும் இனி எதையும் உங்களிடம் சொல்லப்போவதில்லை. நீங்கள் என்ன பேசினாலும், எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும், மாட்டிக்கொண்ட அன்றைக்குப் பிள்ளை முதலில் உங்களிடம் ஓடி வருமா வராதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைக் கெடுக்கிற எதையும் செய்யாதீர்கள்.

அப்படியானால் காதலிக்கட்டும் என்று விட்டுவிடணுமா? வரம்பு வையுங்கள். ராத்திரி இத்தனை மணிக்கு மேல் போன் இல்லை, தனியாக வெளியூர் இல்லை, பரீட்சை நேரத்தில் பேச்சைக் குறைக்கணும். ஆனால் "யாரு அவன், எந்த ஊரு, என்ன ஆளுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். சாதி தெரிந்த அடுத்த நிமிஷம் நம் வீடுகளில் பேச்சு வேறு மாதிரி மாறிவிடுகிறது, இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். "அவன் உன்னை எப்படி நடத்துறான்?" என்று கேளுங்கள். பாஸ்வேர்டு கேட்கிறானா, எங்கே இருக்கிறாய் என்று நிமிஷத்துக்கு நிமிஷம் லொக்கேஷன் அனுப்பச் சொல்கிறானா, தோழிகளோடு பேசாதே என்கிறானா, பேசாவிட்டால் கையை அறுத்துக்கொள்வேன் என்கிறானா? இதில் ஒன்று இருந்தாலும் அது அன்பு இல்லை, பிள்ளைக்கே ஓரளவு தெரிந்திருக்கும், யாராவது வாய்விட்டுச் சொல்லக் காத்திருக்கும்.

பையனைப் பெற்றவர்களுக்கும் இதே அளவு வேலை உண்டு. ஒரு பெண் வேண்டாம் என்றால் அதோடு விடணும், பின்னாலேயே போனால் மனசு மாறும் என்பதெல்லாம் சினிமாவில். நிஜத்தில் பின்தொடர்வது குற்றம். வேண்டாம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க அவனுக்கு வீட்டில் யாராவது கற்றுத் தரணும்.

ரெண்டு பேரும் விரும்பித்தானே பழகினார்கள்? அதில் சட்டம் எங்கே வருகிறது?

2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி 18 வயசு முடியாதவர் குழந்தை, அவருடைய சம்மதம் சட்டத்தின் முன் சம்மதமே இல்லை. 17 வயசுப் பெண் "நான்தான் கூப்பிட்டேன்" என்றாலும் 19 வயசுப் பையன் மேல் வழக்கு வரும். பையனும் 18க்குக் கீழே என்றால் சிறார் நீதி வாரியத்துக்குப் போவான். சட்டம் இதில் ரொம்பக் கடுமை என்று நீதிபதிகளே பேசுகிறார்கள், அந்த விவாதம் நடக்கட்டும், இன்றைக்கு இருக்கிற சட்டம் இது. பையன்கள் இதைத் தெரிந்துகொண்டே ஆகணும்.

எல்லை தாண்டினால் சட்டம் மாறாது. ஓடிப்போன 17 வயசுப் பெண்ணைப் பிடித்துவந்து, மானம் போகக் கூடாது என்று அந்தப் பக்கம் ஒரு கோயிலில் வைத்து அவசரமாகத் தாலி கட்ட வைக்கிறார்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகாத கல்யாணத்தை நடத்தி வைத்தால் ரெண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பெற்றோரும் மாட்டுவார்கள். தாலி கட்டியதால் போக்சோ வழக்கும் போய்விடாது.

பிள்ளை தன் போட்டோவை ஒருத்தனுக்கு அனுப்பிவிட்டாள். இப்போது காசு கொடு, இல்லாவிட்டால் குரூப்பில் போடுவேன் என்கிறான்.

முதலில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், ராத்திரி கூடவே படுத்துக்கொள்ளுங்கள். "நீ ஏன் அனுப்பினே?" என்ற கேள்வி ஆயிரம் தடவை வாய்க்கு வரும், விழுங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுக்காதீர்கள், ஒரு தடவை கொடுத்தால் மறுபடி கேட்பான். சாட் மெசேஜ்களை அழிக்காதீர்கள். அவன் ஐடி, நம்பர், மிரட்டிய மெசேஜ் எல்லாவற்றையும் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் பிளாக் செய்யுங்கள். 1930க்குக் கூப்பிடலாம், மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் புகாருக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. எந்த ஸ்டேஷனிலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம், சம்பவம் பொள்ளாச்சியில் நடந்தது என்பதால் கொழிஞ்சாம்பாறையில் வாங்க மாட்டோம் என்று சொல்ல முடியாது. 18 வயசுக்குக் கீழே உள்ளவர்களின் படத்தைத் தளங்களிலிருந்து நீக்க 'டேக் இட் டவுன்' என்று ஓர் இலவசச் சேவை இருக்கிறது, படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை, உங்கள் போனிலேயே அதற்கு ஓர் அடையாள எண் உருவாகி அது மட்டும்தான் போகும்.

ஆணுறை, மாத்திரை எல்லாம் சொல்லித் தரணுமா? அது அனுமதி கொடுத்த மாதிரி இல்லையா?

18க்குள் வேண்டாம் என்றும் சொல்லுங்கள், அது எதற்கு, எப்படி வேலை செய்கிறது என்றும் சொல்லுங்கள். ரெண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. பதினெட்டு முடிந்து கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளைக்கு யார் சொல்லித் தருவது? நிரோத் ஆணுறை செய்கிற எச்.எல்.எல். ஃபேக்டரி திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் 1969இலிருந்து ஓடுகிறது, ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் கேரளா செய்து ஊருக்கெல்லாம் அனுப்புகிற பொருளின் பெயரை வீட்டில் சொல்ல இன்னும் நாக்கு வரவில்லை. கர்ப்பத்தையும் எச்.ஐ.வி. உள்ளிட்ட பால்வினை நோய்களையும் சேர்த்துத் தடுப்பது ஆணுறைதான், மாத்திரை நோயைத் தடுக்காது.

அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் போடணும். சீட்டு இல்லாமல் விற்கலாம் என்பதுதான் நாடு முழுக்கச் சட்டம், ஆனால் தமிழ்நாட்டுப் பக்கம் பல மெடிக்கல் ஷாப்பில் வைத்திருப்பதில்லை. அது கருவைக் கலைக்கிற மாத்திரை இல்லை, ஏற்கனவே தங்கிய கருவை ஒன்றும் செய்யாது. இன்னொன்று, முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவரலாம், அதனால் "இன்னும் வயசுக்கு வரலை" என்பது பாதுகாப்பு இல்லை.

நாள் தள்ளிப் போய்விட்டது என்றால் பப்பாளி, எள்ளு, கடையில் யாரோ கொடுத்த மாத்திரை என்று வீட்டில் எதையும் செய்யாதீர்கள், உயிருக்கே ஆபத்து. சட்டப்படி கருக்கலைப்பு செய்யலாம், பெற்றோர் ஒருவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், 18க்குள் உள்ளவர்களுக்கு 24 வாரம் வரை 2021 திருத்தம் இடம் தருகிறது. டாக்டர் போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆகணும் என்பதால்தான் பலரும் பயந்து போலி டாக்டரிடம் போகிறார்கள். விரும்பிப் பழகியதில் கர்ப்பமான சிறுமியும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் பிள்ளையின் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லியிருக்கிறது. இதை டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

எச்.பி.வி. ஊசி போடலாமா?

போடுங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் எச்.பி.வி. வைரஸால் வருவது, அந்த வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன்பே போட்டால்தான் ஊசி முழுப் பலன் தரும். 9 முதல் 14 வயசுக்குள் என்றால் ஆறு மாச இடைவெளியில் ரெண்டு ஊசி, 15 ஆகிவிட்டால் மூன்று என்பதுதான் வழக்கமான கணக்கு. சின்னப் பிள்ளைக்குப் போய் இது எதற்கு என்று கேட்காதீர்கள், சின்ன வயசுதான் சரியான வயசு. புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் நம் நாட்டிலேயே செய்தது. இலவசமாகக் கிடைக்குமா என்று பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையம்) ஜே.பி.எச்.என். என்கிற சுகாதார நர்ஸ் சிஸ்டரைக் கேளுங்கள்.

"எனக்குப் பெண்கள் மேல் ஈடுபாடு வரவில்லை, பசங்க மேலதான்" என்கிறான் மகன். டாக்டரிடம் காட்டி மாற்றலாமா?

மாற்றுகிற மருந்து கிடையாது, ஏனென்றால் அது நோய் இல்லை. இந்திய மனநல மருத்துவர் சங்கமே 2018இல் அப்படிச் சொல்லிவிட்டது, அதே வருஷம் செப்டம்பர் 6ஆம் தேதி வயது வந்தவர்களின் ஒருபால் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. மாற்றித் தருகிறேன் என்று சொல்கிற வைத்தியத்தைத் தடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் உத்தரவு போட்டது. கோயில், பூசாரி, அவசரக் கல்யாணம் எதுவும் வேண்டாம். இவ்வளவு பெரிய விஷயத்தை அவன் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறான் என்றால் வீட்டில் ஏதோ சரியாகவே நடந்திருக்கிறது.

மாமா முறை உள்ளவர் தொடுவது பிடிக்கவில்லை என்று பிள்ளை சொல்கிறாள். குடும்பத்துக்குள்ளேயே பேசி முடித்துவிடலாமா?

முடியாது. முதலில் நம்புங்கள். குழந்தைகளைத் தொந்தரவு செய்பவர்களில் பெரும்பாலானவர்கள் வீட்டுக்கு வந்து போகிறவர்கள்தான், பையன்களுக்கும் இது நடக்கிறது. "அவர் விளையாட்டுக்குத்தான் செஞ்சிருப்பார்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அங்கேயே செத்துவிடும். தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதே போக்சோவில் குற்றம், ஆறு மாசம் வரை ஜெயில் உண்டு. குழந்தையிடம் வாக்குமூலம் வாங்குகிற போலீஸ் யூனிபார்மில் வரக் கூடாது, குழந்தையை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டிலேயே வாங்கலாம். எல்லைக்காரர்களுக்கு முக்கியமான ஒன்று: பிள்ளைக்குத் தமிழ்தான் சரளம், எழுதுகிறவர் மலையாளத்தில் எழுதுகிறார் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள்.

யாரிடம் போவது? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

எந்தப் பக்கம் பஸ் சீக்கிரம் கிடைக்கிறதோ அந்தப் பக்கம். வளரிளம் பருவத்தினருக்கான மத்திய அரசுத் திட்டம் 2014இல் வந்த பிறகு பல அரசு ஆஸ்பத்திரிகளில் அவர்களுக்கென்றே கிளினிக் நடக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனைக்குத் தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம், கேரளாவில் ஜோதிஸ், ரெண்டு இடத்திலும் இலவசம், விவரம் வெளியே போகாது. சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 1097. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. கேரளாவில் உடல்நலச் சந்தேகங்களுக்கு திசா உதவி எண் 1056. பயம், தூக்கமின்மை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்கிற பேச்சு எதுவாக இருந்தாலும் 14416, அது டெலி மானஸ், 24 மணி நேரமும் இருப்பார்கள், தமிழிலேயே பேசலாம், பிள்ளை தனியாகவும் கூப்பிடலாம். நம்பரை உங்கள் போனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் பிள்ளையின் போனிலும் பதிந்து கொடுத்துவிடுங்கள்.